சொட்டுகிற தண்ணீர் நல்லதுதான்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மன்னார்குடிப் பக்கம் நாலு நாளாக அடைமழை. தாளடி நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது, இன்னும் வடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் வீட்டுப் பின்சுவரைக் காட்டினாய். வெள்ளையாகப் புகை வருகிறது, பக்கத்துக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, இங்கிலாந்துக் குளிரில் வீட்டைச் சூடாக்குகிற கேஸ் பாய்லர் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. முப்பத்தொரு வருஷம் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவன், இதையாவது உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டத்தான் வேண்டும் அம்மா. கேஸ் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர், அதுவும் ஆவியாக. கேஸின் மொத்தச் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த ஆவிக்குள் இருக்கிறது. பழைய பாய்லரில் அது அப்படியே புகையோடு போய்விடும். நீ சின்ன வயதில் இட்லிக் கொப்பரையைத் திறந்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது, தான் வாங்கி வைத்திருந்த சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். இட்லி வேகிறதும் அந்தச் சூட்டில்தான். உன் பாய்லருக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் சுற்றி ஆறித் திரும்பும் தண்ணீர், வெளியே போகிற புகையைக் குளிரவைத்து அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாக வைக்கும் வீட்டு கேஸ் பாய்லர் பெரும்பாலும் இந்த வகையாக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு.

ஆனால் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி தண்ணீராகும். நீ ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 80 டிகிரியில் வைத்திருக்கிறாய். அப்படி வைத்தால் திரும்புகிற தண்ணீரும் கொதியாகத்தான் வரும், காசு கொடுத்த சூடு சுவர் வழியாகப் போய்விடும். 60-க்கு இறக்கிப் பார். வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ரொம்பக் குளிர் வந்தால் கொஞ்சம் ஏற்றிக்கொள். உன்னுடையது தொட்டி இல்லாமல் அப்போதைக்கப்போது வெந்நீர் தரும் காம்பி பாய்லர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். வெந்நீர் தேக்கும் தொட்டி உள்ள வீடானால், தொட்டித் தண்ணீரை 60-க்குக் கீழே விடக் கூடாது, கிருமி வளரும்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. உன் அப்பாயியின் கொடியடுப்பை நினைத்துப் பார். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும், பக்கத்துக் கண்ணுக்குத் தனியாக விறகே வைக்க மாட்டாள். உள்வழியாக வரும் அனலிலேயே ரசம் நுரை கட்டிவிடும். திருமக்கோட்டைப் பக்கம் கோவில்களப்பாள் மின் நிலையத்திலும் இதே சங்கதிதான். கேஸ் டர்பைன் விடும் சூடான புகையில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனைச் சுற்றவிடுகிறார்கள். மொத்தம் 107 மெகாவாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் புகையின் சூட்டில் வருவது.

நான் முதலில் வேலை பார்த்த ஆலையில் எக்கனாமைசர், அதாவது புகையின் சூட்டைப் பிடிக்கும் அமைப்பு, கிடையாது. உமியை வாரி வாரிப் போடுவோம். புகைபோக்கிப் பக்கம் நின்றால் முகம் தீய்ந்துவிடும், அங்கே வேலைக்கு யாரும் பிரியப்படுவதில்லை. அப்புறம் போன ஆலையில் புகை போகும் வழியில் குழாய்களை வைத்து, பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டரைச் சூடாக்கினோம். அந்தத் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருள் நூற்றுக்கு ஒன்று மிச்சம் என்பது எங்கள் தொழில் கணக்கு. உமி மூட்டை குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தக் குழாய்களில் கரி படிந்தால் சூடு இறங்காது. சுத்தம் செய்ய ஒரு நாள் ஆலையை நிறுத்துங்கள் என்று கெஞ்சியும் ஒரு சீசன் முழுக்க விடவில்லை. கடைசியில் திறந்தபோது விரல் கனத்துக்குக் கரி. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உன் பாய்லருக்கு வருஷம் ஒரு சர்வீஸ் தவறக் கூடாது என்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். சொட்டும் தண்ணீர் லேசான அமிலம், செடிக்கு விடாதே. அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே போவதால் கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பாய்லர் நின்றுவிடும். அப்படி ஆனால் குழாய் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று, கொதிதண்ணீர் வேண்டாம். இப்போதே குழாய்க்கு உறை போடச் சொல். மற்றபடி புகைக்குழாயில் நீயோ மாப்பிள்ளையோ கை வைக்காதீர்கள். அங்கே கேஸ் வேலை செய்பவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாவிட்டால் நாளைக்கே வாங்கி மாட்டு. இதை நீ செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

60-ல் வைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டு, குழாயில் தண்ணீர் கூடச் சொட்டுகிறதா, வீடு போதுமான சூடாக இருக்கிறதா என்று எழுது. அம்மா உனக்கு வடகம் கட்டி வைத்திருக்கிறாள், மழை விட்டதும் பார்சல் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா