வெளிச்சம் காட்டினால் இறுகும் பசை

அன்புள்ள மெய்யப்பா,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். ஊசியில் போடும் திரவம், வெளிச்சம் காட்டியதும் உள்ளேயே இறுகிவிடும், இனி கத்தியே வேண்டாம் என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இது உன் முழங்காலுக்கு ஆகுமா என்று கேட்டிருந்தாய். விஷயம் பொய்யில்லை, ஆனால் கத்தி வேண்டாம் என்பதுதான் உதைக்கிறது.

அந்தத் திரவம் இறுகினால் வருவதற்கு ஹைட்ரோஜெல் என்று பெயர்; தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வலை, அவ்வளவுதான். ஜெலட்டினில் ரசாயனக் கொக்கிகளை மாட்டி, ஒளி பட்டால் உடைகிற பொருளைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். 405 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டதும் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும், அதுதான் இதன் அழகு.

சிக்கலும் அங்கேதான். செல்போன் டார்ச்சில் விரலை வைத்து அழுத்திப் பார், மறுபக்கம் சிவப்பு மட்டும் வரும். நீலம், ஊதா எல்லாவற்றையும் ரத்தமும் சதையும் விழுங்கிவிடும். தோலுக்கு வெளியே நின்று விளக்கடித்து மூட்டுக்குள் எதை இறுக வைப்பது?

அதனால் வெளிச்சம் எட்டுகிற இடத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. என் தங்கை மகனுக்குக் கருவிழி கூம்பிக்கொண்டே வந்ததே, அவனுக்கு மதுரையில் செய்தது கிட்டத்தட்ட இதே வித்தைதான். ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், மஞ்சள் சொட்டாக அரை மணி விட்டு, பிறகு அரை மணி புறஊதா ஒளி. கருவிழியின் கொலாஜன் இழைகளே ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படும். ஜெர்மனியில் டிரெஸ்டன் டாக்டர்கள் 2003-இல் வெளியிட்ட முறை. பையனுக்கு இரண்டு நாள் கண் உறுத்தி எடுத்துவிட்டது, இப்போது பவர் ஏறாமல் நிற்கிறது.

முழங்காலிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் எலிசெஃப் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குருத்தெலும்பில் குழி விழுந்த 15 பேருக்கு அறுவை மேசையிலேயே ஜெல்லை ஊற்றி ஒளி காட்டி நிரப்பினார்கள். அதாவது திறந்துதான். அதுவும் ஓரிடத்துக் குழிக்கு. உன்னுடையது மூட்டு முழுக்கத் தேய்மானம் என்றல்லவா சொன்னாய்? அப்படியென்றால் ஈப்போவில் உன் டாக்டர் சொல்கிற பயிற்சியை ஒழுங்காகச் செய், மாடிப்படியைக் குறை. ஸ்கேனை எனக்கும் அனுப்பு, காரைக்குடியில் தெரிந்த எலும்பு டாக்டரிடம் காட்டுகிறேன்.

இங்கே வீட்டின் இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்றுகிறோம். பழைய நாட்டு ஓடு கிடைக்காமல் அலைந்து, கானாடுகாத்தான் பக்கம் இடித்த வீட்டில் வாங்கினோம், விலை கேட்டால் உனக்கு முழங்கால் வலி மறந்துபோகும். ஆச்சியைக் கேட்டதாகச் சொல். தை மாதம் வருவதானால் முன்கூட்டியே எழுது, மேல்மாடி வேண்டாம், கீழேயே அறை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
சிதம்பரம்