வெள்ளிக்கிழமை அரசாணிக்காய் கொண்டு வர்றது பத்தி, பெத்தவங்களுக்கு ஒரு கடிதம்

அம்மா, அப்பா, அம்மாயி, அப்புச்சி எல்லாருக்கும் வணக்கம்ங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சின்ன கிளாஸ் குட்டிங்க ஆளுக்கொரு அரசாணிக்காய் (மஞ்சப் பூசணி) கொண்டு வரணும்னு டீச்சர் குரூப்ல போட்டதுல இருந்து எனக்கு ஃபோன் மேல ஃபோன். "டீச்சர், யூடியூப்ல இருக்கற மாதிரி கண்ணு மூக்கு வெட்டி அனுப்பணுமா", "ஆரஞ்சு கலரே வேணுமா, எங்களுக்கு கெடச்சது பச்சையும் மஞ்சளுமா இருக்குங்க", "ராத்திரி உக்காந்து பண்ணிருவேன், ஆனா பெயின்ட் எது வாங்கறதுன்னு தெரியல". இதுல கடைசியா கேட்டவங்கதான் என்னை இந்த கடிதம் எழுத வச்சாங்க. ராத்திரி உக்காந்து நீங்க பண்ண வேண்டாம்ங்க, காயை அப்படியே அனுப்புங்க, வீட்ல பண்றதா இருந்தா புள்ளை முழிச்சிருக்கும்போது புள்ளை கையால பண்ண விடுங்க, நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

போன வருசம் நடந்ததை சொல்றேன். இருபது காய் வந்துச்சு, அதுல பாதிக்கு மேல அவ்வளவு அழகு, பல்லு கூட வரிசையா வெட்டியிருந்தாங்க, சம்கி எல்லாம் ஒட்டியிருந்துச்சு. ஆனா எந்த காய் யாரோடதுன்னு புள்ளைங்களுக்கே தெரியல. ஒரு குட்டி தன்னோட காயை தொடவே மாட்டேன்னு டீச்சர் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு, தொட்டா அம்மா திட்டும்னு சொல்லுச்சு. அது எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு, ஏன்னா தப்பு எங்க மேலதான், "அலங்கரிச்சு அனுப்புங்க"ன்னு எழுதுனது நாங்கதான்.

அதே நாள்ல இன்னொன்னும் பாத்தேன். ஒரு ரெண்டேகால் வயசு பொண்ணு, அவங்க பாட்டி காயோட ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும் குடுத்து விட்டிருந்தாங்க, பெரிய சைஸ் செவப்பு பொட்டு. அது தரையில உக்காந்து காயை மடியில வச்சுக்கிட்டு ஒரு பொட்டை நகத்தால கெளப்ப பாக்குது, வரல, திருப்பி பாக்குது, ஓரம் கொஞ்சம் எந்திரிக்குது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேத்து இழுக்குது, வந்துருச்சு, ஆனா இப்ப விரல்லயே ஒட்டிக்கிச்சு. அந்த விரலை காய் மேல வச்சு தேய்ச்சு தேய்ச்சு கடைசியா ஒட்டிருச்சு. அப்புறம் அடுத்தது. பன்னெண்டு பொட்டையும் ஒரே எடத்துல ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டுச்சுங்க. கூட்டிட்டு போக வந்த அம்மா "ஐயோ கண்ணு, ரெண்டு கண்ணா தள்ளி ஒட்டலாமே"ன்னு கையை நீட்டுனாங்க, நான்தான் வேண்டாம்ங்கன்னு தடுத்தேன். அந்த ரெண்டு விரல் வேலைதான் நாளைக்கு பட்டன் போடறதுக்கும் பென்சில் புடிக்கறதுக்கும் வேணும். மூஞ்சி வரணும்ங்கறது நம்ம ஆசை, அந்த வயசு புள்ளைக்கு பொட்டு ஒட்டுறதே பெரிய காரியம்.

அந்த வீடியோல வர்றதெல்லாம் அமெரிக்கா பக்கத்து பழக்கம்ங்க. அங்க செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் இலையுதிர்காலம், பூசணி அறுவடையும் அப்பத்தான், அக்டோபர் 31 ராத்திரி ஹாலோவீன்னு பேய் வேஷம் போடற பண்டிகை, அதுக்குத்தான் பூசணியை மூஞ்சி மாதிரி கொடஞ்சு உள்ள வெளக்கு வைப்பாங்க. அயர்லாந்துல மொதல்ல டர்னிப் கெழங்கத்தான் கொடஞ்சு வெளக்கு வச்சாங்க, அமெரிக்காவுக்கு குடி போனப்புறம் அங்க வெளையற பூசணி பெருசா, கொடையறதுக்கு சுலபமா இருக்கவும் அதுக்கு மாறிட்டாங்க. கையில கெடச்சதை எடுத்துக்கிட்டாங்க, நாமளும் அப்படியே பண்ணலாம். நமக்கு ஐப்பசின்னா துலாவர்ஷம், அதாவது வடகிழக்கு பருவ மழை, எல்லாமே பச்சை, நம்ம பக்கம் மரம் இலை கொட்டறதுக்கு மாசி பங்குனி ஆகணும். அதனால ஆரஞ்சு பேப்பர்ல இலை வெட்டி ஒட்ட வேண்டாம், நனைஞ்ச பூவரச இலை ரெண்டு பொறுக்கிட்டு வாங்க, புள்ளையே பொறுக்கட்டும்.

காய் பச்சையா இருந்தாலும் பரவால்ல. சந்தைல சின்னதா, புள்ளை மடியில நிக்கற சைஸ்ல, ஒரு கிலோ ஒன்றரை கிலோ போதும். வெண்பூசணி வேண்டாம்ங்க, போன தடவை ரெண்டு பேர் அதை அனுப்பிட்டாங்க, அந்த சாம்பல் கையெல்லாம் ஒட்டும். காயை காம்பை புடிச்சு தூக்க விடாதீங்க, காம்பு முறிஞ்சு கால்ல விழுந்தா அவ்வளவுதான், ரெண்டு கையாலயும் கட்டிப்புடிச்சு தூக்க சொல்லுங்க. தூக்கறப்போ பேசுங்க. நம்ம வீடுகள்ல அம்மாயி அரசாணின்னு சொல்லுவாங்க, பாலக்காட்டு பக்கம் சித்தூர்ல இருந்து வந்த அம்மா மத்தங்கான்னு சொல்லுவாங்க, சென்னைல இருக்கற மாமா ஃபோன்ல பரங்கின்னு சொல்லுவாரு. குழம்பிரும்னு சில பேர் ஒரே பேரை சொல்ல சொல்றாங்க. குழம்பாதுங்க, மூணையும் சொல்லுங்க, நம்ம ஊர் புள்ளைங்க மூணு பெயரையும் காதுல வாங்கிட்டு ஆளுக்கு தகுந்த மாதிரி எடுத்து விடும். காய்க்கே சொந்த ஊர் அமெரிக்கா கண்டம்தான், பரங்கின்னா ஐரோப்பாக்காரங்க, அவங்க கப்பல்ல வந்ததாலதான் பரங்கின்னே பேருன்னு சொல்லுவாங்க.

வீட்ல கலர் பண்ணணும்னா கடை பெயின்ட் வேண்டாம். ரெண்டு ஸ்பூன் மைதாவை தண்ணில கரைச்சு அடுப்புல கிண்டுனா பசை, ஆறினப்புறம் கொஞ்சத்துல மஞ்சப்பொடி, கொஞ்சத்துல பீட்ரூட் சாறு. வாயில வச்சாலும் பயமில்ல, இந்த வயசுல கண்டிப்பா வைக்கும். மஞ்சளோட சுண்ணாம்பு சேத்து ஆரத்தி செவப்பு எடுக்கலாம்னு ஒரு பாட்டி சொன்னாங்க, கலர் வரும், ஆனா சுண்ணாம்பு புள்ளை கையையும் கண்ணையும் புண்ணாக்கிரும், கிட்டயே வேண்டாம். பழைய சட்டை போட்டு விடுங்க, மஞ்சக்கறை தொவைச்சு வெயில்ல போட்டா மங்கிரும். ஆனா பொட்டு மட்டும் கல்லு வச்சதா இருக்கக்கூடாது, ஒட்டி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.

இனி சொல்றதை தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. கத்தி பெரியவங்க கையில மட்டும், காயை வெட்டறப்போ புள்ளை அந்த ரூம்லயே வேண்டாம். உள்ள வெளக்கு வைக்கணும்னா மெழுகுவர்த்தி வேண்டாம், கற்பூரம் வேண்டவே வேண்டாம், அது கொஞ்சம் வாயில போனாலே வலிப்பு வரைக்கும் கொண்டு போயிரும். செல்ஃபோன் டார்ச் வச்சு காட்டுங்க, அதுக்கே கை தட்டும். அப்புறம் வெதை. அந்த வழவழன்னு இருக்கற நாரை கையால பெசையறது புள்ளைங்களுக்கு உயிரு, விடுங்க, ஆனா வெதை எல்லாத்தையும் நீங்க மொதல்ல எடுத்துருங்க. பல வருசம் முன்னாடி வேற ஒரு ஸ்கூல்ல நான் புதுசா சேந்த நேரம், காய வச்ச வெதையை தட்டுல போட்டு எண்ண குடுத்துட்டு ரெண்டு நிமிசம் திரும்பிட்டேன், ஒரு பையன் மூக்குல வெதை. பயத்துல நான் கொண்டை ஊசியால எடுக்க பாத்தேன், அது இன்னும் உள்ள போயிருச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் எடுத்து விட்டாரு, பையனுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த ஆட்டோல அவனை மடியில வச்சுக்கிட்டு போன நேரத்தை என்னால மறக்கவே முடியல. மூக்குலயோ காதுலயோ போச்சுன்னா எதையும் விட்டு நோண்டாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. தொண்டைல அடைச்சு மூச்சு திணறுனா குப்புற சாய்ச்சு முதுகுல தட்டிக்கிட்டே ஆளை கூப்புடுங்க. மூணு வயசு ஆகற வரைக்கும் வெதை வெளையாட்டு சாமானே இல்லைங்க.

அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு போயிட்டா போகட்டும், பிடிச்சு உக்கார வைக்காதீங்க. காய் வெட்டாம இருந்தா எங்கயும் போகாது, நாளைக்கு மறுபடியும் வரும், தட்டி பாக்கும், "டும் டும்"னு சத்தம் வரும், உருட்டி விடும். வெட்டுனா மட்டும் அன்னைக்கே சமைச்சுருங்க, இந்த ஈரத்துல ரெண்டு நாள்ல பூஞ்சை புடிச்சு ஈ மொய்க்கும்.

வெள்ளிக்கிழமை காலைல ஒன்பதரைக்கு ஆரம்பிக்கறோம். பாட்டி தாத்தா யாரு வேணாலும் கூட உக்காரலாம், அப்பாக்கள் லீவு கெடச்சா வாங்க, போன வருசம் ஒரே ஒரு அப்பாதான் வந்தாரு. ஒரு பத்து காயை கழுவி அன்னைக்கு மத்தியானமே பயறு போட்டு எரிசேரி (தேங்காய் அரைச்சு ஊத்தற கூட்டு) வைக்கலாம்னு சமையல் அக்கா சொல்லியிருக்காங்க, அதனால யாரும் காய் மேல ஃபெவிக்கால் மட்டும் தடவி அனுப்பாதீங்க. முடிஞ்சவங்க ஒரு மூடி தேங்காய் குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
உங்க புள்ளைங்களோட தலைமையாசிரியை