மர வாளி திரும்பி வந்த ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் இந்தியானா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத் தமிழில் இவ்வளவு தெளிவாக விளக்கியதற்கு நன்றி. 2025 சீசனில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆன கதையை நன்றாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் சீசன், அதாவது 2024, ஒரே வரியில் முடிந்துவிட்டது. பணத்தைக் கொடுத்து வெளி வீரர்களை இழுத்தார், சுலபமான அணிகளை ஜெயித்தார் என்று. இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனில் பல வருஷமாக இருப்பவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இது கூடைப்பந்து ஊர். ஃபுட்பாலைப் பொறுத்தவரை, உயர்மட்டக் கல்லூரி அணிகளிலேயே அதிக ஆட்டங்களில் தோற்ற அணி என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்தோம். 2023 இல் 3 வெற்றி, 9 தோல்வி. மெமோரியல் ஸ்டேடியத்தில் பாதி ஆட்டம் முடிந்ததும் வரிசை வரிசையாக எழுந்து போய்விடுவார்கள். எனக்கு முன்வரிசையில் உட்காரும் பெரியவர் ஒருவர் மட்டும் நகரமாட்டார். தெர்மாஸ் மூடியில் காபியை ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலி இருக்கைகளுக்கு நடுவே கடைசி வரை பார்ப்பார். 1967 அணி ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற புத்தாண்டு ஆட்டத்துக்குப் போனபோது தான் மாணவன் என்று ஒருமுறை சொன்னார். அந்த ஆண்டின் 9 வெற்றிகளைத் தாண்டி எந்த இந்தியானா அணியும் அதுவரை போனதில்லை.

சரி, அந்த வெளி வீரர்கள் யார்? ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் சிக்னெட்டியிடம் ஆடிய 13 பேர் அவர் பின்னாலேயே வந்தார்கள். பெரிய கல்லூரிகள் பள்ளி நாளிலேயே கொத்திக்கொண்டு போன நட்சத்திரங்கள் அல்ல இவர்கள். எலைஜா சாரட் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற சின்னக் கல்லூரியில் தொடங்கியவர். டிஆஞ்சலோ பாண்ட்ஸ் 5 அடி 9 அங்குலம்தான். இந்த ஆட்டத்துக்கு அது குட்டை. பணமே கைமாறவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், எல்லாப் பல்கலைக்கழகங்களும்தான் அந்தச் சந்தையில் நிற்கின்றன. அதே சந்தையில், மற்றவர்கள் தாண்டிப் போன பையன்களை இவர் பார்த்து எடுத்தார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவரே அப்படி வந்தவர்தான். அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் உதவியாளராக இருந்து தேசிய சாம்பியன் பட்டம் பார்த்தவர். 2011 இல், ஐம்பது வயதை நெருங்கும்போது, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவருடைய அப்பா பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்த கல்லூரி அது. (அதன் பெயரிலும் இந்தியானா உண்டு, ஆனால் இருப்பது பென்சில்வேனியாவில்.) அங்கிருந்து ஈலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன். எங்களிடம் வந்து முதல் சீசனை ஆடும்போது வயது 63.

சுலபமான அணிகள் என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று அடித்ததை நானும் பெருமையாகச் சொல்லமாட்டேன். ஆனால் நெப்ராஸ்காவை 56-7 என்று வென்றோம். முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியனான மிச்சிகன் இரண்டாம் பாதியில் நெருக்கி 17-15 வரை வந்தும், 20-15 என்று தப்பித்தோம். அது தொடர்ந்து பத்தாவது வெற்றி, பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதல் முறை. அந்த சீசனில் தோற்றது இரண்டே அணிகளிடம், ஒஹாயோ ஸ்டேட், நோட்ர டேம். கடைசியில் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் மோதிக்கொண்டதும் அதே இரண்டு அணிகள்தான்.

நவம்பர் 30 அன்று, இதே மாநிலத்தில் எங்கள் பரம எதிரியான பர்டியூ பல்கலைக்கழக அணி வந்தது. ஜெயிக்கும் அணிக்கு ஒரு பழைய மர வாளிதான் கோப்பை. 1925 முதல் இந்த வழக்கம். ஜெயித்தவர்களின் முதலெழுத்து ஒரு கண்ணியாகச் சங்கிலியில் சேரும். 2019 க்குப் பிறகு அது எங்கள் பக்கம் வரவேயில்லை. அன்று 66-0. பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது முன்வரிசைப் பெரியவர் பெஞ்சின் மேல் ஏறி நிற்கப் பார்த்தார். நானும் பக்கத்திலிருந்த ஒரு மாணவியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். சுற்றி ஒரு இருக்கைகூடக் காலியாக இல்லை.

டிசம்பர் 20 அன்று, தேசிய சாம்பியன் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றில், சவுத் பெண்டில் நோட்ர டேமிடம் 27-17 என்று தோற்றோம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் அன்று தடுமாறினார். அவர் எறிந்த பந்தை எதிரணி தங்கள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டது. பந்து கைக்கு வந்த உடனே, முதல் முயற்சியிலேயே, அவர்களுடைய ஜெரமாயா லவ் 98 கெஜம் ஓடி எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டார். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து ரூர்க்கைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஜனவரியில்தான் செய்தி வந்தது: சீசனுக்கு முன் நடந்த பயிற்சியிலேயே அவருக்கு முட்டித் தசைநார் கிழிந்திருக்கிறது. அந்தக் காலோடுதான் சீசன் முழுக்க ஆடியிருக்கிறார். நடுவில் எறியும் கையின் கட்டைவிரலிலும் அறுவை சிகிச்சை. அதற்காக விட்டது ஒரே ஒரு ஆட்டம்.

இந்த அணியைப் பற்றி இன்னொரு முறை எழுதினால், அந்தப் பணம் என்ற வரியை எடுத்துவிட்டு ரூர்க்கின் முட்டியைப் பற்றி எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
புளூமிங்டன், இந்தியானா