வாசலிலிருந்து 50 மீட்டர்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், வேலைக்குப் போகும் மகன், மகளுக்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் அப்பாருகளுக்கும் அம்மாயிகளுக்கும் வணக்கம்.

ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. தேர்வு மதிப்பெண்களைப் பற்றித் தனிக் கடிதம் வரும். இந்தக் கடிதம் பிள்ளைகளின் சாப்பாட்டையும் விளையாட்டையும் பற்றியது.

காலை இடைவேளையில் வகுப்புகளைச் சுற்றி வருவது என் வழக்கம். அண்மையில் ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் டப்பா மூடியைப் பாதி மட்டும் திறந்து, எடுத்ததை உள்ளங்கைக்குள் மறைத்துத் தின்றுகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அவித்த நிலக்கடலை, தோலோடு. அவர்கள் தோட்டத்தில் விளைந்ததாம். பக்கத்தில் இருந்தவன் ஐந்து ரூபாய் மசாலா பாக்கெட்டைப் பிரித்து பெஞ்சின் மேல் பரப்பி, நாலு பேருக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான். புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்த கடலை ஒளித்துத் தின்னும் பண்டமாகிவிட்டது. உப்பும் எண்ணெயும் சாயமும் கலந்த பாக்கெட் விருந்தாகிவிட்டது.

அந்தப் பையனுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. சத்துணவின் பயன்களை எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்தும் வாங்கும் அளவுக்கு எழுதுவார்கள். எழுதி முடித்ததும் நேராகக் கடைக்குப் போவார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, என்ன விலை, கூட்டாளி என்ன தின்கிறான் என்பவைதான் பிள்ளையின் வாயைத் தீர்மானிக்கின்றன. பொதுச் சுகாதாரத் துறையினர் உலகம் முழுவதும் இந்த இடத்தில்தான் கை வைக்கிறார்கள். மெக்சிகோ 2014இல் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. மக்கள் அவற்றை வாங்குவது குறைந்தது. நம் கேரள அரசும் 2016இல் பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத வரி போட்டது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் அது போய்விட்டது. இருந்தாலும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் அந்த வரி யாரைத் தொட்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நமக்கு பர்கர் கடை ஏது? நமக்கிருப்பது சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள்.

அந்தச் சரத்துக்கும் சட்டம் உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்தது. நம் வாசலுக்கு எதிரே உள்ள கடை 50 மீட்டருக்குள்தான் இருக்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தையின் மூக்குக்கு நேராகச் சரங்கள் தொங்குகின்றன. கடைக்காரரின் வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள். உட்கார்ந்து பேசினோம். சரங்களை எடுத்துவிட்டு வாழைப்பழம், கொய்யா, சுண்டல், கடலை மிட்டாய், மோர் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அது ஓடுவதும் ஓடாததும் உங்கள் கையில் இருக்கிறது. சும்மா "எதையாவது வாங்கித் தின்னு" என்று காசு கொடுத்து அனுப்பாதீர்கள். பேரன் மேல் பாசம் மிகுந்த அம்மாயிகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். பிறந்தநாளுக்கு வகுப்பில் சாக்லேட் கொடுப்பதையும் நிறுத்துகிறோம். விருப்பமுள்ளவர்கள் ஒரு சீப்புப் பழம் அனுப்பலாம், அல்லது நூலகத்துக்கு ஒரு புத்தகம்.

குளிர்பானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாச்சிமடை நமக்குத் தூரம் இல்லை. கிணற்று நீர் கெட்டதென்று 2002இல் அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் குளிர்பான ஆலையின் வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. அந்த மண்ணில் நடக்கும் கல்யாண வீடுகளில் இன்று நாலு வயதுக் குழந்தையின் கையிலும் பாட்டில் இருக்கிறது. 300 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு தேக்கரண்டி. நாள் முழுவதும் உண்ணும் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சின்னப் பிள்ளைக்கு அந்த ஒரு பாட்டிலிலேயே கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

தண்ணீர் குடிக்கட்டும். அதற்காகத்தான் கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் மணி வந்தது. பாலக்காட்டு வெயிலில் அது வேண்டியதுதான். ஆனால் மணி அடித்தாலும் மேல் வகுப்புப் பெண் பிள்ளைகளில் பலர் இரண்டு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. காரணம் கேட்டபோது ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியில்லை. இப்போது எல்லாக் கதவுகளுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது, வாளியும் குவளையும் வைத்தாகிவிட்டது.

மதிய உணவில் கவலை இல்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் தர வேண்டும் என்பது விதி. வாரம் இரண்டு நாள் பாலும் ஒரு முட்டையும் உண்டு. முட்டை உண்ணாதவர்களுக்குப் பழம். 2025 ஆகஸ்ட் முதல் பட்டியலில் கேழ்வரகுப் பண்டங்களும் சேர்ந்துவிட்டன. வாராந்தர இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் தருகிறோம். அதையொட்டி டீ குடித்தால் சத்து உடம்பில் சேர்வது குறையும், அந்த நேரத்தில் மட்டும் டீயைத் தள்ளிவையுங்கள்.

விளையாட்டுக்கு வருகிறேன். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 சதவீதத்தினர் அந்த அளவுக்கு ஓடியாடுவதில்லை. பையன்களைவிடப் பெண்கள் இன்னும் பின்னால் இருக்கிறார்கள். இதற்கு நம் மைதானத்தைப் பார்த்தாலே போதும். ஐந்தாம் வகுப்பு வரை பையன்களைத் துரத்தித் துரத்திப் பிடித்த பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். "பெரிய பெண்ணாகிவிட்டாள், குதிக்க விடாதீர்கள்" என்று என்னிடமே வந்து சொன்ன பெற்றோர் உண்டு. அவர்களுக்கு என் பதில்: குதிக்கத்தான் விடுவேன். எலும்பு வலுப்பெறும் வயது அது. வாரத்தில் இரண்டு நாள் மாலையில் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். கோ-கோவும் எறிபந்தும் ஆடுவார்கள், ஆசிரியைகள் கூட இருப்பார்கள். அந்த நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாக வீடு வந்தால் கோபிக்க வேண்டாம்.

விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை விளையாட விடாமல் வகுப்பில் நிறுத்தும் தண்டனையும் இனி இல்லை. எடையை எல்லார் முன்னிலையிலும் சொல்ல மாட்டோம். நீங்களும் பிள்ளையை "குண்டு" என்றோ "குச்சி" என்றோ கூப்பிடாதீர்கள். கேலிக்கு உட்பட்ட பிள்ளை மைதானத்துக்கு வராது.

ஒரு கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்கள்கூடப் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடுகிறீர்கள். தேங்காய் லாரிகளுக்குப் பயந்துதான் என்பது புரிகிறது. தெருவுக்கு ஒரு பெரியவர் முன்வந்தால் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்தி அழைத்துவரலாம். பெயர் கொடுப்பவர்களுக்கு நாள் பிரித்துத் தருவேன். சாலையில் வேகத்தடை வேண்டும் என்று வார்டு உறுப்பினரிடம் கேட்டிருக்கிறோம்.

கடைசியாகக் காலை உணவு. டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டு வரும் பிள்ளைகள் இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள், நமக்கு ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். கேரளத்திலும் சில உள்ளாட்சிகள் தங்கள் செலவில் தருகின்றன. நம் பஞ்சாயத்துக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டம், மனுவில் கையெழுத்துப் போட வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். அன்று டீயுடன் பிஸ்கட் கிடையாது, அவித்த கடலைதான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்