ரோதை முனியும் ஒரு டெக்கும்

மஸ்கெலியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான் சிவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலியால் பதில் போட முடியவில்லை என்று எழுதினால் நம்பிவிடுவாய். உண்மை அதுவல்ல. கட்டிலுக்கடியில் கிடந்த வீடியோ கசெட்டுகளை வெயிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினேழும் பூஞ்சணம். இந்த ஊர் ஈரத்துக்கு அரிசி மூட்டை கண்ணில் படாது, நம் சொத்துதான் முதலில் படும். "மற்ற ஆம்பிளைகள் இந்த வயதில் கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள், இவர் பேய்க்குக் குளிப்பாட்டுகிறார்" என்று வீட்டில் ஒரே பாட்டு. சரி, கேட்டுப் பழகிவிட்டது.

உன் மகளுக்கும் நம் பேய்ப்பட, விஞ்ஞானக்கதைக் கிறுக்கு தொற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். எதை முதலில் கொடுப்பது என்று கேட்டாய். "நமக்கு இது எங்கிருந்துடா வந்தது?" என்றும் கேட்டாய். பின்னதுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கரண்ட் இருந்த ஸ்டோர் லயத்தில் (தேயிலை ஃபாக்டரியை ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலைக்கு ஐந்து ரூபாய் சேர்த்து, டவுனிலிருந்து டெக்கும் (கசெட் ஓட்டுகிற பெட்டி) டிவியும் தலைச்சுமையாகக் கொண்டுவந்த இரவுகள் உனக்கு மறந்திருக்காது. இரண்டு தமிழ்ப்படம் ஓடி, பெண்களும் பிள்ளைகளும் படுக்கப் போனபிறகு, கடைக்காரன் இலவசமாகக் கொடுத்துவிட்ட மூன்றாவது கசெட். அன்றைக்கு வந்தது 'ஈவில் டெட்' என்ற இங்கிலீஷ் பேய்ப்படம். காட்டுக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று தரையோடு தரையாக விரைந்து வருமே, அப்போது நீ என் கையைப் பிடித்த பிடிக்கு மறுநாள் தோல் கன்றியிருந்தது. பிறகுதான் படித்தேன்: நீளமான பலகையில் கேமராவை மாட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். அவ்வளவுதான் பிசாசு! இரத்தமாக வழிந்தது சோளப்பாகு. நம் ஊரில் எடுத்திருந்தால் கித்துள் பாணி ஊற்றியிருப்பார்கள், எறும்பு மொய்த்து இரண்டாம் டேக் எடுக்க முடியாமல் போயிருக்கும்.

படம் முடிந்து விடியற்காலை மூன்று மணிக்குப் பனிமூட்டத்தில் தேயிலைக்குள் நடந்து வந்ததில் நீ தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாய். நான் உன்னைத் தூக்காமல் ஓடிவிட்டேன். அதை இன்னும் நீ மன்னிக்கவில்லை என்று தெரியும்.

ஆனால் இந்தக் கிறுக்கு டெக்கிலிருந்து வந்ததல்ல என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை. சாம்பிராணி காட்டாமல் அவர் மெஷினில் கைவைத்ததே இல்லை. ரோதை முனிக்கு அத்தனை பயம். ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தபோது நம் ஆட்கள் காட்டு முனியையும் மாடசாமியையும் கூடவே கூட்டிவந்தார்கள். மெஷினுக்குள் குடியிருக்கும் முனி மட்டும் இந்த மலையில்தான் முளைத்தார். இரவெல்லாம் உறுமுகிற, பெல்ட்டில் சுற்றுகிற, கொஞ்சம் அயர்ந்தால் கையை உள்ளே இழுத்துக்கொள்கிற ஒன்றை அவர்கள் பார்த்தார்கள். பார்த்ததும், இதற்குள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பசிக்கும் என்று முடிவுகட்டினார்கள். கோபப்படுகிற இயந்திரத்தைப் பற்றி எத்தனை இங்கிலீஷ் கதை வந்திருக்கிறது, எனக்கு ஒன்றுகூடப் புதிதாகத் தெரியாதது இதனால்தான். பேய்க்கதையை ஒரு தட்டிலும் விஞ்ஞானக் கதையை இன்னொரு தட்டிலும் அடுக்குகிறவர்கள் அப்பாவோடு ஒரு இரவு ஷிஃப்ட் நின்றிருக்க வேண்டும்.

அதனால் மகளுக்கு முதலில் 'ஃபிராங்கென்ஸ்டைன்' கொடு, விஞ்ஞானி ஒருவன் பிணத் துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுக்கிற நாவல். சும்மா கொடுக்காதே, அது பிறந்த கதையைச் சொல்லிக் கொடு. 1815 மார்ச் 2இல், கண்டி ராஜ்ஜியத்தை வெள்ளைக்காரன் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிறது. அடுத்த மாதமே இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடிக்கிறது. அந்தத் தூசி வானத்தை மூடியதில் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். அதில் பதினெட்டு வயது மேரி (பின்னாளில் மேரி ஷெல்லி) தொடங்கியதுதான் இது. 1818இல் புத்தகமாக வந்தது. ஆடி மழைக்கு லயத்துக் காம்பிராவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்ட நமக்கு அந்த வீடு ஒன்றும் அந்நியமில்லை. அவர்களிடம் பலகாரம் கூடுதலாக இருந்திருக்கும்.

அப்புறம் 'த திங்' படம், 1982இல் வந்தது. பனிக்கண்டத்தில் அகப்பட்ட ஒரு கூட்டம், அதில் யார் மனிதன், யார் மனிதன் போல வேஷமிட்ட மற்றது என்று தெரியாது. சூடான கம்பியை இரத்தத்தில் வைத்துச் சோதிக்கிற காட்சி ஒன்று போதும். வந்தபோது யாரும் மதிக்கவில்லை. அதே மாதம் வந்த 'ஈ.டி' என்ற வேற்றுக்கிரகவாசிப் படத்தைப் பார்த்து எல்லோரும் உருகிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு வயது பதினாறு ஆகட்டும், பிறகு காட்டு.

தமிழில் 'யாவரும் நலம்'. தன் வீட்டில் நடப்பதெல்லாம் டிவி நாடகத்தில் வருவதை ஒருவன் பார்க்கிற கதை. ரோதை முனி ஸ்டோரை விட்டு டிவிக்குக் குடிபோனதாகத்தான் நான் அதைப் பார்த்தேன். மற்றபடி இப்போதைய பேய்ப்படங்களில் பாதிக்கு மேல் எனக்கு ஆகவில்லை. நாலு காமெடியன் பங்களாவுக்குள் ஓடுகிறான், இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு பிளாஷ்பேக், பேய் அழுகிறது, நாமும் அழ வேண்டும். பேயின் நியாயம் முழுக்க விளங்கிவிட்டால் பிறகு அதற்கு யார் பயப்படுவது?

ஆனால் ஒன்று, அடைமழை இரவில் நான் எதுவும் பார்ப்பதில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மலை சரிந்து மண்ணுக்குள் போனதிலிருந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மலையின் சத்தம் கேளாமல் உட்கார மனம் வருவதில்லை. அப்படிப்பட்ட இரவுகளில் டார்ச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகம்தான்.

இங்கே மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் மழை பொய்த்தால் மூழ்கிப்போன பழைய டவுனின் கோயில் தலை காட்டும். போன தடவை பேத்தியைக் கூட்டிக்கொண்டு காய்ந்த சேற்றில் நடந்தேன். "சாமி இத்தனை நாள் மூச்சை அடக்கிக்கொண்டா இருந்தது தாத்தா?" என்றாள். எனக்கு முதுகில் சில்லென்றது. குடும்பத்தில் இன்னொருத்தி தயாராகிறாள்.

இரவில் வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை உச்சிவரை விளக்கு வரிசை தெரிகிறது. யாத்திரைக் காலம் முடியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் நினைவுதான். 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் கொழும்பிலேயே கண்மூடிய மனுஷன். 1979இல் வந்த 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் இந்த மலையிலிருந்துதான் விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் தரையிலிருந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கிருந்து கீழே இறக்குகிற கயிற்றின் அடியைக் கட்ட ஒரு மலை வேண்டும். இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே? கதையில் நாட்டையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டார், மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிவிட்டார்! உன் அம்மாச்சி அரோகரா சொல்லி ஏறிய படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வானத்துக்கு லிஃப்ட். முழங்கால் வலிக்காரன் எனக்கு அந்த யோசனை முன்பைவிட இப்போது அதிகமாகப் பிடிக்கிறது.

சித்திரை வருஷத்துக்குக் கட்டாயம் வா, மகளையும் கூட்டிக்கொண்டு வா. டெக்கைத் திருத்தி வைத்திருக்கிறேன். படம் கொஞ்சம் உருளுகிறது, சத்தம் நன்றாக இருக்கிறது. ஒரு உதவி. அந்த கிளார்க் புத்தகம் என்னிடம் இருந்ததைக் கரையான் கடைசி அத்தியாயத்தோடு தின்றுவிட்டது. மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் பார். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு.

உன்,
ராஜூ