1965இல் நடந்தது உடன்படிக்கையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தலையங்கத்தில், 1965ஆம் ஆண்டு லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் 'மொரீசியசும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி' இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகள் மொரீசியசிலிருந்து பிரிக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தீவுகள் பற்றிய வழக்கின் உயிர்நாடியே 'உடன்படிக்கை' என்ற அந்த ஒரு சொல்லில் இருந்ததால் இதை எழுத நேர்ந்தது.

உடன்படிக்கை என்பது நாடுகள் தமக்குள் எழுத்தில் செய்துகொள்வது. சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டது. உடன்படிக்கைகளுக்கான சட்டவிதிகளைக் கூறும் 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு கூறுவது இதுவே. 1965 செப்டம்பரில் மொரீசியஸ் தனி நாடே அல்ல. நம் தலைவர்கள் பேசப் போனது தம்மை ஆண்டவர்களிடமே. ஒரு தரப்பு மற்றதன் ஆட்சிக்குக் கீழ் இருந்த நிலையில் அதைச் சர்வதேச உடன்பாடு என்று பேசவே இயலாது என்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் 25.2.2019 அன்று அளித்த ஆலோசனைக் கருத்தில் கூறிவிட்டது.

ரோஸ் ஹில்லில் ஞாயிறு தமிழ் வகுப்பில் இதை விளக்கியபோது, 'வயது வராத பிள்ளையின் காணியைக் காப்பாளரே தன் பெயருக்கு எழுதிக்கொண்டது போலவா?' என்று ஒரு மாணவி கிரெயோலில் கேட்டாள். அரை மணி நேரமாக நான் சுற்றி வளைத்ததை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

வியன்னா உடன்படிக்கையால்தான் 1965 ஏற்பாடு செல்லாமல் போனது என்று சிலர் சொல்வதும் சரியன்று. அது 1980 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியவற்றை அது கட்டுப்படுத்தாது என்று அதன் 4ஆம் பிரிவே கூறுகிறது. நீதிமன்றம் ஊன்றி நின்றது மக்களின் சுயநிர்ணய உரிமையில். தீவுகளைப் பிரித்தது மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின்படி நடந்ததன்று என்பதே அதன் முடிவு.

ஆயினும் லங்காஸ்டர் மாளிகையில் பேசியவை அனைத்தும் வெறும் காகிதமாகிவிடவில்லை. மீன்பிடி உரிமை, பாதுகாப்புத் தேவை தீர்ந்தபின் தீவுகளைத் திருப்பித் தருவது போன்ற பிரிட்டனின் வாக்குறுதிகள் அதனைச் சட்டப்படி கட்டுப்படுத்துகின்றன என்று கடல் சட்ட நடுவர் மன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பறித்துக்கொண்டவர் கொடுத்த வாக்கு அவரையே பிணைத்தது. சட்டத்தின் இந்தப் போக்கை நான் மிகவும் ரசிக்கிறேன்.

சாகோஸ் தீவுகள் குறித்து மொரீசியசும் பிரிட்டனும் 22.5.2025 அன்று கையெழுத்திட்டதை உடன்படிக்கை என்று எழுதுங்கள். அதில் இரண்டு நாடுகள் இருந்தன. 1965ஐக் குறிக்கும்போது மட்டும், 'இசைவு பெறப்பட்டதாகச் சொல்லப்பட்டது' என்று எழுதும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்