பத்துப் பக்கமா, பத்து நிமிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழின் நெல்லைப் பக்கத்தில் குறும்படத் திரைக்கதைப் போட்டி ஒன்றின் அறிவிப்பு வந்திருந்தது. பரிசுத் தொகை, கடைசித் தேதி எல்லாம் பார்த்துக்கொண்டே நாலாவது விதிக்கு வந்தேன். 'திரைக்கதை பத்துப் பக்கங்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.' காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். போன வருஷம் வேறொரு போட்டியில் இதே விதியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். இதை நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது, விதியைத் திருத்த நேரம் இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் சேர்மாதேவியில் 31 வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவள். (அரசுக் கணக்கில் சேரன்மகாதேவி. பஸ்ஸில் கண்டக்டர் கத்துவது சேர்மாதேவிதான்.) லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு எழுதின பிள்ளைகள் எத்தனையோ பேர் என் மிஷினில் விரல் பழகிப் போனார்கள். ஓரத்துக்கு எத்தனை இடம் விட வேண்டும், ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, ஒரு தாளுக்கு எத்தனை வரி என்று எண்ணி எண்ணியே பிழைத்தவள். அதனால் பக்கக் கணக்கைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு.

போன வருஷம் அனுப்பின கதை எனக்குக் கிடைத்தது பத்தமடையில். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கோரையை அறுத்து, கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பருத்தி நூல் பாவில் நெய்கிற பட்டுப்பாய் தமிழ்நாட்டுக்கே தெரியும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் தேதியும் சேர்த்து நெய்து கொடுப்பார்கள். அங்கே பாய் நெய்கிற ஓர் அக்கா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு பாய் மச்சுல கெடக்கு டீச்சரம்மா. பேரெல்லாம் நெஞ்சாச்சு. கல்யாணம் நின்னு போச்சு. யாரும் எடுக்க வரல."

இந்த ரெண்டு வரிதான் விதை. மீதியை நானாகக் கட்டினேன். என் கதையில் ஒரு வருஷம் கழித்து மாப்பிள்ளையின் தாயார் வருகிறாள். மகனுக்கு வேறு இடத்தில் பொண்ணு அமைந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்த பாய் வீணாகக் கிடக்கிறதே என்று அவளுக்கு வயிற்றெரிச்சல். 'பொண்ணு பேரை மட்டும் மாத்தித் தர முடியுமா?' என்று கேட்கிறாள். நெய்கிறவள் பாயை விரித்து, பெயர் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்க்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: "ஒரு பேரை மட்டும் பிரிக்க முடியாதும்மா. பிரிச்சா மாப்பிள்ளை பேரும் சேந்துதான் பிரியும்." அவ்வளவுதான் கதை. ரெண்டு பெண்கள், ஒரு தறி, ஒரு திண்ணை.

அந்தத் திண்ணையிலேயே முதல் சிக்கல். போன வருஷப் போட்டிக்காரர்கள் மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஏதோ ஒரு திரைக்கதையின் பக்கம். ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பில் 'உள்' அல்லது 'வெளி', அப்புறம் இடம், அப்புறம் பகலா இரவா என்று போட வேண்டுமாம். சரி, படம் பிடிக்கிறவர்கள் விளக்கு, ஆள், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்ய அது வேண்டும், புரிகிறது. ஆனால் திண்ணை உள்ளா, வெளியா? கூரை இருக்கிறது, தெருப் பக்கம் சுவர் இல்லை. முற்றம் வீட்டுக்குள்ளே இருக்கிறது, மேலே வானம். அரை நாள் யோசித்துவிட்டு 'உள்/வெளி' என்று ரெண்டையும் போட்டேன். பின்னால் விசாரித்ததில் ஆங்கிலத்திலும் அப்படிப் போடுகிற வழக்கம் உண்டாம், வண்டிக்குள் இருந்து வெளியே பார்க்கிற மாதிரியான காட்சிகளுக்கு. பரவாயில்லை, தப்பில்லை.

இரண்டாவது சிக்கல் என் விரலில் இருந்தது. பழைய தட்டச்சுப் பழக்கத்தால் கம்ப்யூட்டரிலும் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பேன். முதலில் அப்படியே அனுப்பினேன். மறுநாள் பதில்: 'மேடம், ஃபைல் கரப்ட் ஆகியிருக்கிறது.' ஆகவில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் 'அம்மா' என்று நான் அடித்தது அவர்களுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிந்திருக்கிறது. பதினாறு பக்கமும் அப்படியே. பேத்தி வந்து என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். அதில் பழைய விசைப்பலகையிலேயே அடித்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடில் வாங்கலாம். மறுபடி முழுக்க அடித்தேன். இரண்டு ராத்திரி. 'யூனிகோடில் அனுப்பவும்' என்று ஒரு வரி அறிவிப்பில் இருந்திருந்தால் அந்த ரெண்டு ராத்திரியும் தூங்கியிருப்பேன். இந்தத் தடவை வந்த அறிவிப்பிலும் அந்த வரி இல்லை.

இனி முக்கியமான விஷயம். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். பத்து நிமிடப் படம், ஆகவே பத்துப் பக்கம். இந்தக் கணக்கு எங்கே பிறந்தது? தட்டச்சு மிஷினில். ஆங்கிலத் திரைக்கதையை இன்றைக்கும் கூரியர் என்ற எழுத்துருவில், 12 புள்ளி அளவில்தான் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு மிஷின் எழுத்துதான். ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து, ஒரு அங்குல உயரத்துக்கு ஆறு வரி. ஒல்லியான எழுத்துக்கும் குண்டான எழுத்துக்கும் ஒரே அகலம். வசனத்தைத் தாளின் நடுவில் மூன்றரை அங்குலப் பட்டைக்குள் அடிக்க வேண்டும். எல்லோரும் இதே அளவில் அடிப்பதால் பக்கத்தை எண்ணினாலே நிமிடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நொடியில் புரிந்துவிடும், ரொம்ப அழகான ஏற்பாடு.

ஆங்கிலத்துக்கு அழகு. தமிழுக்கு அந்த மாதிரி ஒரே அகல எழுத்தும் பொது அளவும் எங்கே இருக்கிறது? 'கொ' என்று அடிக்க மிஷினில் மூன்று தட்டு. கொம்பு, க, கால். கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்து மூன்று இடத்தை அடைத்துக்கொண்டுதான் உட்காரும். மேலே விசிறி, கீழே சுழி என்று வருவதால் வரிக்கு வரி இடைவெளியும் கூட வேண்டும். போதாததற்கு நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு போகும். 'வந்துகிட்டிருக்காவ' என்று என் கதையில் ஒரு பிள்ளை ஓடி வந்து சொல்கிறது. சொல்ல ஒரு நொடி ஆகாது. அந்த மூன்றரை அங்குலப் பட்டையில் அது பாதி வரியைத் தின்றுவிடுகிறது. அடுத்த சொல் இடம் இல்லாமல் கீழே இறங்குகிறது. பாதி வரி வெள்ளையாகக் கிடக்கிறது. அவர்கள் கேட்ட 12 புள்ளியில், அவர்கள் கேட்ட ஓரம் விட்டு அடித்ததில் எனக்கு ஒரு பக்கத்துக்கு 38 வரிக்கு மேல் ஏறவில்லை. ஆங்கில மாதிரிப் பக்கத்தை எண்ணிப் பார்த்தேன், 54 வரி.

வாதத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நேரம் வைத்தும் பார்த்தேன். பேத்தி போனில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொள்ள, நான் மாப்பிள்ளையின் தாயாராகவும் நெய்கிறவளாகவும் மாறி மாறிப் பேசினேன். தறியில் அச்சு அடிக்கிற சத்தத்துக்கு வாயாலேயே தட், தட் என்று போட்டேன். பாயைத் தடவுகிற இடத்தில் நிஜமாகவே பத்து நொடி சும்மா இருந்தேன். முதல் தடவை 9 நிமிடம் 40 நொடி. மறுதடவை 9 நிமிடம் 25. பக்கமோ பதினாறு.

பதில் ஒரே வரியில் வந்தது: 'பக்க வரம்பை மீறியதால் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.' கட்டணம் 300 ரூபாய். அது போனதில் வருத்தம் இல்லை. படித்துவிட்டு 'நன்றாக இல்லை' என்று சொல்லியிருந்தால் அதிலும் வருத்தம் இல்லை, என் பிள்ளைகள் அடித்த எத்தனை தாளில் நானே சிவப்பு மை போட்டிருக்கிறேன். பிரித்தே பார்க்கவில்லை, எண்ணித்தான் பார்த்திருக்கிறார்கள். போன் செய்தேன். ஒரு தம்பி, நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், எழுத்து சைஸை ஒன்பதுக்குக் குறைச்சிருந்தா பத்துப் பக்கத்துல வந்திருக்குமே, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்றால் அந்த விதி எதை அளக்கிறது? நடுவர்களின் கண் பவரையா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கில் கதைகள் வந்து குவியும்போது ஏதாவது ஒரு வரம்பு வேண்டும். வாசிக்கிறவர்களும் மனுஷர்கள்தான். நான் கேட்பது வரம்பு வேண்டாம் என்பதல்ல. அதை நிமிடத்தில் சொல்லுங்கள், 'நடித்துப் படித்தால் பத்து நிமிடத்துக்குள்' என்று. இல்லையா, சொற்களை எண்ணி வரம்பு வையுங்கள். அதை எண்ணிச் சொல்லக் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி போதும், அதில் எழுத்தைச் சுருக்கி ஏமாற்றவும் முடியாது. சொல்லப்போனால் பக்கக் கணக்கு ஆங்கிலத்திலேயே சராசரிக்குத்தான் சரிவரும். 'ஆனித் திருவிழா. நெல்லையப்பர் தேர் நகர்கிறது' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரியை எடுக்கப் போகிறவர் நாலு ரத வீதியும் வியர்க்க வியர்க்க நடந்து பார்க்கட்டும், அது எத்தனை நிமிடம் என்று தெரியும்.

மாதிரிப் பக்கம் கொடுக்கிறவர்கள் தமிழிலேயே ஒன்றைக் கொடுத்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே ஒரு பக்கம் போதும். திண்ணையில் நடக்கிற காட்சியாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தத் தடவை அறிவிப்பின் ஆறாவது விதியையும் சொல்லிவிடுகிறேன். 'அனுப்பப்படும் கதைகளின் முழு உரிமையும் அமைப்பாளர்களைச் சாரும்' என்று இருக்கிறது. பரிசு பெற்ற கதைக்கா, தோற்ற கதைக்கும் சேர்த்தா? எழுதி முடித்த உடனேயே ஒருவருக்குத் தன் எழுத்தின் மேல் உரிமை வந்துவிடுகிறது, 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிவு செய்தால்தான் என்பதில்லை. அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் தடவை எழுதிப் பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகள் இந்த வரியைப் பார்த்துப் பயந்து ஒதுங்குவார்கள், இல்லையென்றால் பார்க்காமலே அனுப்புவார்கள். ரெண்டும் நல்லதில்லை. 'பரிசு பெறும் கதைக்கு மட்டும், தனி ஒப்பந்தம் போட்டு' என்று திருத்தினால் போதும்.

போன வருஷம் முடிவு வந்த வாரம் பத்தமடைக்குப் போயிருந்தேன். அக்கா தறியில் இருந்தார். "என் பாய்க் கதை என்னாச்சு டீச்சரம்மா?" என்றார். பக்கம் கூடிப்போச்சாம், திருப்பிட்டாங்க என்றேன். கையை நிறுத்தாமலே சொன்னார்: "நீளம் கூடுனா பாய்க்கு வெலை கூடத்தானெ செய்யும்?"

நான் கதையைச் சுருக்கவில்லை. ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தேன். தாயார் கேட்கிற கேள்விக்கு முன்னால் ரெண்டு பேரும் மழை, கோரை விலை, கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்த நாள் என்று சுற்றி வளைத்துப் பேசுவார்கள். வெட்ட முடிந்தது அந்தப் பேச்சு மட்டும்தான். வெட்டிவிட்டுப் படித்தால் அந்தம்மா வந்ததும் வராததுமாக வாசலில் நின்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். திரும்பச் சேர்த்துவிட்டேன்.

கடைசித் தேதி 30 என்று போட்டிருக்கிறது. அதற்குள் அமைப்பாளர்களிடம் கேட்டு, பத்து என்பது பக்கமா நிமிடமா என்று அதே நெல்லைப் பக்கத்தில் ஒரு வரி வெளியிட்டால் உதவியாக இருக்கும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் 28ஆம் தேதி அனுப்பிவிடுவேன். பதினாறு பக்கம்தான். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே 'வாசிப்பு நேரம்: 9 நிமிடம் 40 நொடி' என்று அடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பள்ளி நடத்திய ஒரு வாசகி,
சேரன்மகாதேவி